தோள் வலித்தால் தோளை மட்டும் பார்க்காதீர்கள்

17 வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல உயரம், ஒல்லியான உடம்பு. மாலையில் நாற்காலியில் சாய்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று இடது தோளிலும் நெஞ்சிலும் சுருக்கென்று ஒரு வலி. மூச்சை இழுத்தால் குத்துகிறது. அதன் பிறகு நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். "நேத்து பேட்மிண்டன் ஆடுனல்ல, சுளுக்காத்தான் இருக்கும்" என்பார் அப்பா. "காத்து புடிச்சிருக்குய்யா" என்பார் பாட்டி. கோடாலித் தைலம் வரும், வெந்நீர் ஒத்தடம் வரும், ஒரு பெனடோல் மாத்திரையும் வரும். இந்த வயதில் நெஞ்சு வலியா என்று யாராவது கிண்டலும் செய்வார்கள்.

பையன் கற்பனைதான். ஆனால் இப்படி ஒரு நோயாளியைப் பார்க்காத அவசரச் சிகிச்சைப் பிரிவு நம் நாட்டில் இருக்காது. அந்தக் குடும்பம் கேட்ட கேள்வியும், மருத்துவமனையில் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியும் வேறு வேறு என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். குடும்பம் கேட்டது, 'பெரும்பாலும் இது என்னவாக இருக்கும்?' என்று. சுளுக்கு என்ற விடை அந்தக் கேள்விக்குத் தவறே அல்ல. இளையவர்களுக்கு வரும் நெஞ்சு வலியில் பெரும்பகுதி தசையிலிருந்தும், விலா எலும்பு மூட்டிலிருந்தும், மனப் பதற்றத்திலிருந்தும், வயிற்று அமிலத்திலிருந்தும் வருவதுதான். மருத்துவர் கேட்பது அதுவல்ல. 'எதை நான் இப்போது தவறவிட்டால் இவன் விடிவதற்குள் இறந்துபோவான்?' அதைத்தான் அவர் முதலில் கேட்டாக வேண்டும். வழக்கமானதை நினைப்பதற்கு முன்னால், அரிதானாலும் ஆளைக் கொல்லக்கூடியதை ஒவ்வொன்றாக விலக்குகிறார். வகுப்பறையில் மாணவர்கள் ஒரு கருதுகோளைச் சொல்லிவிட்டு அதற்கு ஆதரவான சான்றையே தேடிக்கொண்டிருப்பார்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில் கருதுகோளை உடைக்கும் சான்றைத் தேடுகிறார்கள். பள்ளி அறிவியல் அங்கேதான் உயிரோடு நடமாடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முதலில் தோளுக்கு வருவோம். வலிக்கும் இடமும் கோளாறு உள்ள இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் இயல்பாக வரும் எண்ணம். விரலில் முள் குத்தினால் விரல் வலிக்கிறது, சரி. உடம்பின் உள்ளே இருக்கும் உறுப்புகளுக்கு இந்த விதி பொருந்தாது.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூரை போல விரிந்திருக்கும் தசைக்கு உதரவிதானம் என்று பெயர். நாம் மூச்சு விடுவது பெரும்பாலும் அதன் உழைப்பால். அது இருப்பதோ விலா எலும்புகளின் அடிப்பகுதியில். ஆனால் அதை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுகிறது. தண்டுவடத்தின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கழுத்துப் பிரிவுகளிலிருந்து. இவ்வளவு தூரம் சுற்றி ஏன் வர வேண்டும்? கருவின் நான்காவது வாரத்தில், பின்னாளில் உதரவிதானத்தின் நடுப்பகுதியாக மாறப்போகும் திசு கழுத்துக்கு நேரே இருக்கிறது. அங்கிருக்கும்போதே கழுத்து நரம்போடு அதற்கு உறவு ஏற்பட்டுவிடுகிறது. பிறகு கரு வளர வளர அது கீழே இறங்குகிறது. நரம்பும் இதயத்தின் இரு பக்கங்களையும் ஒட்டி நீண்டுகொண்டே வருகிறது. வீடு மாறினாலும் பழைய முகவரியை மாற்றாமல் இருப்பவர்களைப் போல.

தோளின் மேல்பகுதித் தோலிலிருந்து வரும் உணர்வும் ஏறக்குறைய அதே கழுத்துப் பிரிவுகளில்தான் போய்ச் சேர்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு வீட்டுக்கு ஒரே தபால் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளிலிருந்து தினமும் கடிதம் வருகிறது. உதரவிதானத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் ஒன்றும் வருவதில்லை. திடீரென்று ஒரு நாள் கீழ்வீட்டிலிருந்து அவசரக் கடிதம் வந்தால், மூளை அதைத் தோளின் கடிதம் என்றே எடுத்துக்கொள்கிறது. தோள் வலிக்கிறது. கையைத் தூக்கிப் பார்த்தால் தாராளமாகத் தூக்க முடிகிறது, சுழற்ற முடிகிறது. அப்படியும் வலி இருக்கிறது என்றால், தைலம் தேய்க்கும் கை அங்கே நிற்க வேண்டும்.

பித்தப்பைக் கல்லைத் துளை வழி அறுவைச் சிகிச்சையில் எடுத்துக்கொண்ட உறவினர் உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள். வயிற்றில் அறுவை, மறுநாள் வலி தோளில். வயிற்றை உப்ப வைக்க உள்ளே செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் அதே இடத்தை வாயுவுக்குப் பதிலாக இரத்தம் உறுத்தினால் கதை வேறு. இடது விலாவுக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் கிழிந்து இரத்தம் கசிந்தால் இடது தோள் நுனியில் வலி வரும். ஜெர்மானிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹான்ஸ் கேர் என்பவரின் பெயரால் இதைக் கேர் அறிகுறி என்பார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, "கைப்பிடி வயித்துல இடிச்சுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று எழுந்து வீட்டுக்கு வந்துவிடும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். அவர்களில் ஒருவன் சிறிது நேரம் கழித்து, தோளில் அடிபடாமலே தோள் வலிக்கிறது என்றால், முகமும் வெளுத்திருந்தால், அது தோள் வலி அல்ல.

நம் கற்பனைப் பையனுக்கு விழுந்த கதை இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். அதுவே ஒரு தடயம். உயரமான, ஒல்லியான இளம் ஆண்களுக்கு, குறிப்பாகப் புகைப்பவர்களுக்கு, நுரையீரலின் உச்சியில் சிறு கொப்புளங்கள் இருந்து, அவற்றில் ஒன்று காரணமில்லாமல் உடைந்துவிடுவது உண்டு. ஓடும்போதுதான் உடைய வேண்டும் என்றில்லை, பெரும்பாலும் ஓய்வாக இருக்கும்போதே உடைகிறது. காற்று நுரையீரலுக்கு வெளியே, நெஞ்சுக்கூட்டின் உள்பக்கத்தில் போய்ச் சேர்கிறது. பாட்டி சொன்ன 'காற்றுப் பிடிப்பு' எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிடும் ஒரே நோய் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதைப் புரிந்துகொள்ள மருத்துவப் படிப்பு தேவையில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாடிக்குள் இரண்டு பலூன், அடியில் ரப்பர்த் தாள் வைத்த சுவாச மாதிரியைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். ரப்பரைக் கீழே இழுத்தால் பலூன் விரியும். மேலே உள்ள தக்கையைச் சற்றுத் தளர்த்திவிட்டு இழுத்துப் பாருங்கள். எவ்வளவு இழுத்தாலும் பலூன் சரியாக விரியாது. காற்று பலூனுக்குள் போகாமல் இடைவெளி வழியே சாடிக்குள் நுழைகிறது. பல ஆசிரியர்கள் அன்றைய செய்முறை கெட்டுவிட்டது என்று தக்கையை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். கெட்டுப்போன அந்தச் செய்முறைதான் அந்தப் பையனின் நெஞ்சு. அதை ஐந்து நிமிடம் அப்படியே வைத்துப் பேசலாம்.

சிறிய கசிவு என்றால் கண்காணித்தாலே போதும், உடம்பே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பெரிதானால் ஊசியோ குழாயோ செருகிக் காற்றை வெளியேற்ற வேண்டும். உடைந்த இடம் ஒருவழிக் கதவைப் போல ஆகி, ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று உள்ளே சேர்ந்துகொண்டே போனால், இதயத்துக்கு இரத்தம் திரும்புவதே தடைபடும். அந்த நிலையில் எக்ஸ்ரே படத்துக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது என்றுதான் மருத்துவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதயத்தைச் சுற்றியுள்ள உறை அழன்றால் வலி கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள மேட்டுக்கு ஏறும். படுத்தால் அதிகமாகும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். காய்ச்சல் வந்து போன சில நாட்களில் இதயத் தசையே அழற்சி கொள்வதும் உண்டு. காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். மாரடைப்பும் பட்டியலில் இருக்கிறது. இந்தியர்களான நாம் இதை மற்றவர்களைவிட அதிகமாக நினைவில் வைக்க வேண்டும். 52 நாடுகளை உள்ளடக்கிய இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53 ஆகவும், மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தது. தந்தைக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால், மகனின் வயதைச் சொல்லி ஆறுதல் அடைய முடியாது. சியாபு போன்ற போதைப் பொருள் இருபது வயது இதயத்தின் தமனியையும் சுருக்கிவிடும்.

உயரமும் ஒல்லியும் இன்னொரு நோயையும் நினைவூட்ட வேண்டும். மார்ஃபான் என்பது உடலின் இணைப்புத் திசு பலவீனமாக அமையும் மரபுக் கோளாறு. நீண்ட கைகால்கள், நீண்ட விரல்கள், பல வேளைகளில் கிட்டப்பார்வை. வெளியே தெரிவது இவ்வளவுதான். உள்ளே, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் மெல்ல விரிந்துகொண்டே போய் ஒரு நாள் படலம் படலமாகக் கிழியலாம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை ஃபுளோ ஹைமன், 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு போட்டியின்போது அப்படித்தான் சரிந்து விழுந்தார். வயது 31. அவருக்கு மார்ஃபான் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

அதே மாதத்தில், சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் நடந்தது இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. ஜொனதன் லார்சன் என்ற நாடக இசையமைப்பாளருக்கு அப்போது வயது 35. பல ஆண்டுகள் உழைத்து எழுதிய 'ரென்ட்' இசை நாடகம் அரங்கேறும் தறுவாயில் இருந்தது. ஒத்திகையின்போது கடுமையான நெஞ்சு வலி. ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார்; உணவு நஞ்சானதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து வேறொரு மருத்துவமனைக்குப் போனார். வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பினார்கள். 1996 ஜனவரி 25 அதிகாலையில், நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி நடக்கவிருந்த நாளில், தம் வீட்டில் இறந்துகிடந்தார். பெருந்தமனி கிழிந்திருந்தது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை விசாரித்து இரு மருத்துவமனைகளுக்கும் அபராதம் விதித்தது. அவருக்கும் கண்டறியப்படாத மார்ஃபான் இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் பிறகு கருதினர்.

இந்தச் சம்பவத்தை மருத்துவர்களைத் திட்டுவதற்காக எடுத்துச் சொல்லவில்லை. இளைஞர், நெஞ்சு வலி, பெருந்தமனிக் கிழிசல் என்ற சேர்க்கை மிக மிக அரிது. காய்ச்சலும் உணவுக் கோளாறும் அன்றாடம் பார்ப்பவை. அன்றாடம் பார்ப்பதே கண்ணை மறைக்கிறது. 'வயது 35' என்பது நோயாளியைப் பற்றிய ஒரு தகவல் மட்டும். அதுவே நோயின் பெயராகிவிடக் கூடாது. ஒரு முறை ஒரு பெயர் சொல்லப்பட்டுவிட்டால், அடுத்து வருபவரும் அதே சாலையில் நடப்பது எளிதாகிவிடுகிறது என்பதையும் இந்தச் சம்பவத்தோடு சேர்த்து நினைக்கிறேன். ஆகவே வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகும் வலி தொடர்ந்தால் திரும்பிப் போங்கள். "முன்னே சொன்னதுபோல இல்லை, வலி குறையவில்லை" என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பரிசோதனைகள் பற்றி ஒரு வார்த்தை. "இசிஜி நல்லா இருக்குன்னு சொன்னாங்க, பிறகு ஏன் இரத்தம் எடுக்குறாங்க, அதையே ரெண்டு தடவை வேற எடுக்குறாங்க" என்று சலித்துக்கொள்பவர்களைக் கேட்டிருக்கிறேன். இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் டிரோபோனின் என்ற புரதம் கூடும், ஆனால் கூடுவதற்குச் சில மணி நேரம் ஆகும். வலி தொடங்கி அரை மணியில் எடுத்த இரத்தத்தில் அது இல்லை என்றால், மாரடைப்பு இல்லை என்று பொருளல்ல. இன்னும் தெரியவில்லை என்று பொருள். இசிஜியும் அது எடுக்கப்பட்ட அந்தச் சில வினாடிகளைத்தான் சொல்லும். பெருந்தமனிக் கிழிசலை நெஞ்சு எக்ஸ்ரேயை மட்டும் வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதற்குச் சிடி ஸ்கேன் வேண்டும். அதற்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் எல்லாப் பிள்ளைகளையும் ஸ்கேன் இயந்திரத்துக்குள் தள்ள முடியுமா? கூடாது. கதிர்வீச்சு இருக்கிறது, செலவு இருக்கிறது, நிஜமாகவே தேவைப்படுபவர் வெளியே வரிசையில் நிற்பார். அப்படியானால் யாருக்கு எதைச் செய்வது என்பதை எது முடிவு செய்கிறது?

நோயாளி சொல்லும் கதைதான். எப்போது தொடங்கியது, நொடியில் வந்ததா மெல்ல ஏறியதா, என்ன செய்துகொண்டிருந்தாய், குத்துகிறதா அழுத்துகிறதா, மூச்சிழுத்தால் கூடுகிறதா, படுத்தால் கூடுகிறதா, எங்கே பரவுகிறது, வீட்டில் யாருக்காவது இளம் வயதில் இதய நோயோ திடீர் மரணமோ உண்டா. இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் பட்டியலில் ஏதோ ஒரு நோயை அடித்துவிடுகிறது, இல்லையென்றால் அடிக்கோடிடுகிறது. விலை ஏதும் இல்லாத இந்தக் கருவியைத்தான் நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் வாதம்.

இரண்டு விதமாகக் கெடுக்கிறோம். ஒன்று மொழி. தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! குத்துகிறது, கடுக்கிறது, கரிக்கிறது, அடைக்கிறது, அழுத்துகிறது, இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது. இவை அலங்காரம் அல்ல, தகவல். கரிக்கிறது என்றால் அமிலம் நினைவுக்கு வரும். அழுத்துகிறது என்றால் இதயம். மூச்சோடு குத்துகிறது என்றால் நுரையீரல் உறை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை மருத்துவமனை முகப்பில் இத்தனையையும் சுருக்கி "சாக்கிட்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறான். மலாயில் அந்தச் சொல் நோய்க்கும் வலிக்கும் பொது. அங்கே உட்கார்ந்து சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலம் என்று பிரித்து அனுப்புபவருக்கு அந்த ஒரு சொல்லில் இருந்து என்ன கிடைக்கும்? படிவம் நான்கு உயிரியலில் சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு எல்லாம் தனித்தனி அத்தியாயங்களாகப் படிக்கிறார்கள். உடம்புக்கு அத்தியாயம் தெரியாது. ஒரு வலியைக் கொடுத்து, அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் துல்லியமாக விவரிக்கச் சொல்லி, அதிலிருந்து எந்தெந்த உறுப்பைச் சந்தேகிக்கலாம் என்று யோசிக்க வைக்க ஒரு பாடவேளை போதும். தேர்வில் அதற்குப் புள்ளி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாவது, கூச்சம். இதைச் சற்றுப் பட்டென்றே சொல்கிறேன். இதே தோள் வலியோடு, கூடவே அடிவயிற்று வலி, தலைசுற்றலோடு, 18 வயதுப் பெண் ஒருத்தி வந்தால் மருத்துவர் முதலில் கேட்கும் பரிசோதனைகளில் ஒன்று சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் வளர்ந்து, குழாய் வெடித்தால், வயிற்றுக்குள் இரத்தம் தேங்கி உதரவிதானத்தை உறுத்தும். மீண்டும் அதே தபால் பெட்டி; தோள் நுனியில் வலி. கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை இப்படி இடம் மாறி அமைகின்றன. சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கக்கூடியது. சரியான நேரத்தில் தெரிந்தால் காப்பாற்றக்கூடியது.

அந்தப் பெண்ணின் பக்கத்தில் அம்மா நிற்கிறார், அப்பா நிற்கிறார், வண்டி ஓட்டி வந்த மாமாவும் நிற்கிறார். "மாதவிடாய் எப்போது வந்தது? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா?" என்று மருத்துவர் கேட்டால் யார் பதில் சொல்வார்? "எங்க பொண்ணு அப்படியெல்லாம் இல்ல டாக்டர்" என்று பெற்றவரிடமிருந்து கோபமாக வரும். பையனாக இருந்தால் "வேப்பெல்லாம் கிடையாது, நல்ல பையன்" என்று வரும். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கர்ப்பப் பரிசோதனை நடத்தைச் சான்றிதழ் அல்ல. குழந்தை பெறக்கூடிய வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கும், திருமணமானவரோ இல்லையோ, இந்த அறிகுறிகளோடு வந்தால் செய்வது. வேப், சியாபு, எடை குறைக்கும் மாத்திரை, கருத்தடை மாத்திரை பற்றிய கேள்விகளும் போலீஸ் விசாரணை அல்ல. கருத்தடை மாத்திரை இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால் கேட்கிறார். போதைப் பொருள் தமனியைச் சுருக்கும் என்பதால் கேட்கிறார்.

ஆகவே பெற்றோருக்கு நான் வைக்கும் கோரிக்கை சிறியது. மருத்துவர் பிள்ளையோடு பேசத் தொடங்கும்போது, அவர் சொல்வதற்கு முன்பே நீங்களாக எழுந்து, "நாங்க வெளியே நிக்கிறோம்" என்று ஐந்து நிமிடம் திரைக்கு வெளியே போய் நில்லுங்கள். நம் கலாசாரத்தில் இது நடக்காது என்று என்னோடு பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் சொன்னார். கலாசாரம் என்று சொல்லி ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் இரத்தம் கசிவதைக் காத்துக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் என் பதில். குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்பதை மட்டும் வெளியே போகுமுன் சொல்லிவிடுங்கள். அது பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

எல்லா வலிக்கும் ஓடச் சொல்லவில்லை. விரலால் அழுத்தினால் அந்த இடத்தில் மட்டும் வலிக்கிறது, கையை ஒரு குறிப்பிட்ட பக்கம் திருப்பினால் வலிக்கிறது, நேற்று பளு தூக்கியது நினைவிருக்கிறது, மற்றபடி நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிறான் என்றால் ஓய்வு கொடுத்து, மறுநாள் கிளினிக்கில் காட்டலாம். ஆனால் வலி நொடியில் வந்திருந்தால், மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், குளிர்ந்த வியர்வை இருந்தால், வலி முதுகுக்குக் கிழிப்பதுபோலப் பாய்ந்தால், விபத்துக்குப் பிறகு வந்திருந்தால், ஓடி விளையாடும்போதே நெஞ்சு வலித்து விழுந்திருந்தால் வயதைப் பார்க்க வேண்டாம். தைலத்தை எடுத்து வைத்துவிட்டு 999 எண்ணை அழையுங்கள். அவசர வண்டி வரும் வரை, அவருக்கு எப்படி உட்கார்ந்தால் மூச்சு விட எளிதாக இருக்கிறதோ அப்படியே உட்காரட்டும், படுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில்தானே இருக்கிறது என்று மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து மட்டும் கொண்டுபோகாதீர்கள். வழியில் மயங்கினால் பிடிக்க ஆள் இல்லை.